மாரிக்கு முன்னம் வீட்டு வேலை: நாங்களே எதைச் செய்யலாம், எதில கை வைக்கக் கூடாது? (திருகோணமலை)

உப்புவெளியான்:

எல்லாருக்கும் வணக்கம். வீடு உப்புவெளியில, கடல் காத்து நேர வந்து அடிக்கிற இடம். ஐப்பசி பிறக்க முதல் முடிக்க வேண்டிய வேலையள் சேர்ந்து போச்சு. குசினிக்கு மேல அஸ்பெஸ்ரஸ் சீற் ரெண்டு வெடிச்சுக் கிடக்கு, ஆணியெல்லாம் துரு. கூரைத் தண்ணி ஓடுற பீலி ஒரு பக்கம் தொங்குது. கிணறு இறைச்சுச் சேறு அள்ள வேணும். பின் விறாந்தையில வோஷிங் மெஷினுக்கு ஒரு பிளக் பொயின்ற் வேணும். பிறகு மதில் பூச்சு, பெயின்ற்.

பாஸ்மாரை, அதுதான் வேலை தெரிஞ்ச மேசன், வயர்மன் ஆக்களைப் பிடிக்கிறதே பெரிய பாடு. நாளைக்கு வாறன் எண்டு அட்வான்ஸ் வாங்கினவர் இப்ப போன் எடுக்கிறாரில்லை. என்னட்ட டிரில் இருக்கு, நாலரை இஞ்சி கிரைண்டர் இருக்கு, அலுமினிய ஏணி இருக்கு. லீவு நாளில நானே செய்வம் எண்டு பாக்கிறன். மனிசி "ஆஸ்பத்திரிச் செலவையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கோ" எண்டுறா. செய்து பழக்கமான ஆக்கள் சொல்லுங்கோ.

ஓடாவிமகன் (பாலையூற்று):

எல்லாம் செய்யலாம் அண்ணை. எங்கட அப்பாமார் கிடுகு வேய்ஞ்சது, மண் சுவர் எழுப்பினது, கிணறு வெட்டினது எல்லாம் ஆரைக் கூப்பிட்டு? இப்பதான் ஒரு பல்ப் மாத்தவும் ஆள் தேடுறம். யூரியூப்பில எல்லாம் கிடக்கு. இறங்குங்கோ.

வயரிங்மாமா:

ஓடாவிமகன், உங்கட அப்பா கிடுகு வேய்ஞ்ச காலத்தில அந்தக் கூரைக்குப் பக்கத்தால 230 வோல்ட் வயர் போகேல்லை.

தம்பி உப்புவெளியான், நான் கரண்ட் வேலையை மட்டும் சொல்லுறன். பல்ப் ஹோல்டர், சுவிட்ச், பிளக் டொப் மாத்துறதை நீங்களே செய்யலாம். ஆனால் மெயினை நிப்பாட்டிப்போட்டுச் செய்யுங்கோ. அந்த ஒரு சுவிட்சை மட்டும் நிப்பாட்டினால் காணாது. பழைய வீடுகளில வயரை மாறிப் பூட்டியிருப்பினம். சுவிட்ச் நியூட்ரலைத்தான் வெட்டும், ஹோல்டரில லைவ் அப்பிடியே நிக்கும். பிறகு வயரை டெஸ்ரரால தொட்டுப் பாக்க வேணும். அதுக்கு மெயினை நிப்பாட்ட முதலே, கரண்ட் இருக்கிற பொயின்ற் ஒண்டில வைச்சு டெஸ்ரர் உயிரோட இருக்கோ எண்டு பாருங்கோ. செத்த டெஸ்ரர் எல்லா வயரையும் செத்த வயர் எண்டுதான் காட்டும்.

புதுப் பொயின்ற் இழுக்கிறது அப்பிடி இல்லை. வோஷிங் மெஷின், ஈரச் சீமெந்துத் தரை, வெறுங்கால் மூண்டும் ஒரே இடம். அங்க எர்த் சரியா இருக்கவே வேணும். உங்கட பக்கம் முழுக்கக் கடல் மணல். கச்சான் காத்து அடிக்கிற மாதங்களில மேல் மணல் காய்ஞ்சு போகும். அதுக்குள்ள நட்ட எர்த் கம்பி நட்டும் நடாததுமாத்தான் நிக்கும். ஈரம் நிக்கிற ஆழத்துக்குக் கம்பி இறங்க வேணும். கம்பியும் வயரும் சேருற கிளாம்ப் உப்புக் காத்தில பச்சை பூத்துக் கழண்டிருக்கும். பாத்தாத் தெரியாது, மீற்றர் வைச்சுத்தான் அளக்க வேணும். அதுக்குப் படிச்ச ஒருத்தரைக் கூப்பிடுங்கோ, என்.வீ.கியூ (தேசிய தொழில் தகைமை) சான்றிதழைக் கேட்டுப் பாருங்கோ. கேட்டால் கோவிக்கிறவர் வேண்டாம்.

ட்ரிப் சுவிட்சைப் பற்றியும் சொல்ல வேணும். வீட்டுக்குப் போடுறது 30 மில்லி அம்பியர். அந்தளவு கரண்ட் நிலத்துக்கு ஒழுகினால் கண் இமைக்கிற நேரத்துக்குள்ள விழுந்து உங்களைக் காப்பாத்தும். அதிலயே 'ரி' (T) எண்டு ஒரு சின்னப் பட்டன் இருக்கு. அதை மாசத்துக்கு ஒருக்கா அமத்த வேணும். அமத்தினால் டக்கெண்டு விழ வேணும். இந்தத் திருமலையில எத்தினை வீட்டில அதை ஒருக்காவாவது அமத்தியிருப்பினம் எண்டு எனக்குத் தெரியும், சொன்னால் கோவம் வரும். இன்னொண்டு: ஒரு கையில லைவையும் மற்றக் கையில நியூட்ரலையும் பிடிச்சால் ட்ரிப் சுவிட்ச் விழாது. அதுக்கு நீங்களும் ஒரு பல்ப்தான்.

மீற்றருக்கு அங்கால, போஸ்ற் வரைக்கும் உள்ள வயர் மின்சார சபையின்ர. வெயிலில தோல் வெடிச்சுக் கிடந்தால் தொடாதேங்கோ, 1987 க்கு அடியுங்கோ. உங்கட அலுமினிய ஏணியை அந்த வயர் வீட்டுக்கு வாற பக்கம் நிமித்தவே கூடாது. தேங்காய் பிடுங்கிற இரும்புக் கொக்கத்தடிக்கும் இதே கதைதான்.

உப்புவெளியான்:

விளக்கத்துக்கு நன்றி மாமா. பொயின்ற் வேலையை விட்டுட்டன். ஒண்டு கேக்கிறன், வீட்டில பழைய வட்டப் பின் சாமான் கனக்க இருக்கு, சுவரில இருக்கிறது சதுரப் பின். மேல் ஓட்டைக்குள்ள பேனை மூடியைக் குத்தித் திறந்து ரெண்டு பின்னையும் ஏத்துறம். எல்லாரும் செய்யிறதுதானே, பிழையோ?

வயரிங்மாமா:

எல்லாரும் செய்யிறதுதான், அதுதான் வருத்தம். அந்த மேல் ஓட்டை எர்த் பின்னுக்கு. அது போனால்தான் கீழ் ரெண்டும் திறக்கும், பிள்ளையள் கம்பி குத்தாமல் இருக்கத்தான் அந்த ஏற்பாடு. நீங்கள் குத்துறதைப் பிள்ளை பாத்துக்கொண்டு நிக்கும். மற்றது, மெல்லிய வட்டப் பின் சதுர ஓட்டைக்குள்ள இறுகி நிக்காது. ஆடும், பொறி பறக்கும், பிளாஸ்ரிக் உருகும். சாமானின்ர பிளக் டொப்பை மாத்துங்கோ. 13 அம்பியர் சதுரப் பின்தான் இப்ப நாட்டு நியமம். உள்ளுக்குப் பியூசும் இருக்கு. ரேடியோவுக்கும் மேசை விளக்குக்கும் 3 அம்பியர் பியூஸ் போடுங்கோ, 13 ஐப் போட்டு வைக்காதேங்கோ.

கிண்ணியா மேசன்:

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். கூரையைப் பத்தி ஒருத்தரும் பேசல்ல.

தம்பி, வெடிச்ச சீற்ற விட வெடிக்காத சீற்தான் ஆள விழுத்தும். வெடிச்சத கண்டா எல்லாரும் விலகி நடப்பாங்க. பத்து இருவது வருசம் வெயில்லயும் மழையிலயும் கிடந்த சீற் மேலால நல்லாத்தான் இரிக்கும். கால வெச்சா பப்படம். ஆணி அடிச்ச கோட்டுல நடந்தா உடையாது எண்டு சொல்லுவாங்க. அதுக்குக் கீழ மரம் இரிக்கிறது உண்மைதான். மரம் உக்கியிருந்தா என்ன செய்யிற? நம்ம பக்கம் கறையான் தின்னாத மரம் எங்க இரிக்கி?

ரெண்டு மரத்துக்கு மேல கிடக்கிற மாதிரி நீட்டுப் பலகை போட்டு, அந்தப் பலகையில மட்டும் நில்லுங்க. அத விட நல்லது, கூரைக்கு ஏறாமலே வேலைய முடிக்கிறது. ரெண்டு சீற்தானே. உள்ளுக்குப் பலகைச் சாரம் கட்டி, கீழ நிண்டு ஆணிய வெட்டி, சீற்ற மெதுவா மேல தள்ளி எடுக்கலாம். குசினிக் கூரை உயரமில்லாம இரிக்கும், நிண்டே செய்யலாம்.

நேரமும் பாக்கணும். விடியக்காலம் பனி ஈரம் வழுக்கும். பகலைக்குப் பொறவு கடல் காத்து எழும்பும். அமானோ சீற் (தகரக் கூரைச் சீற்) ஒண்ட ரெண்டு கையால பிடிச்சிக்கிட்டு ஏணியில நிக்கக்குள்ள காத்து அடிச்சா சீற்றோட நீங்களும் போவீங்க. ஈரம் காஞ்ச பொறவு தொடங்கி வெயில் ஏற முதல் இறங்கிரணும்.

ஏணிய மணல்ல வெச்சா ஒரு கால் புதையும். கீழ ஒரு தடிச்ச பலகை போடுங்க, பலகையில ஒரு றீப்ப (மெல்லிய மரச் சட்டம்) அடிச்சா ஏணிக் கால் வழுக்காது. சுவருல சாத்துற உயரம் நாலு பங்கு எண்டா ஏணியிட அடி சுவருல இருந்து ஒரு பங்கு தூரம். கூரை விளிம்புக்கு மேல மூணடி நீட்டிக்கிட்டு நிக்கணும், தலைய கயித்தால கட்டணும். கட்டி முடியிற வரைக்கும் கீழ ஒருத்தர் பிடிச்சிக்கிட்டு நிக்கணும். போன் பாத்துக்கிட்டு இல்ல.

2020 டிசம்பர் 2 புரெவிப் புயல் வந்து திரியாய்க்கும் குச்சவெளிக்கும் நடுவுல கரையேறிச்சு. அண்டு பின்னேரம் மழைக்குள்ள கூரையில மண் மூட்ட வைக்க ஏறினவங்களப் பாத்த ஆள் நான். புயல் வருது எண்ட பொறவு கூரைக்கு வேலையில்ல. இப்ப ஆணிய மாத்தினாத்தான் உண்டு.

லிங்கநகர் தங்கச்சி:

மேசன் நானா சொன்ன உள்ளுக்குச் சாரம் கட்டுற முறை நல்லாயிருக்கு. வீட்டில நானும் அம்மாவும்தான், பெயின்ற், பூச்சு, டப் வொஷர் எல்லாம் நானேதான் செய்யிறன். கடைக்குப் போய் வோல் பிளக் கேட்டால் "ஆருக்கு, அண்ணை வரேல்லையோ?" எண்டு கேப்பினம். அது வேற விவாதம்.

அஸ்பெஸ்ரஸ் தூசியைப் பற்றி ஒருத்தரும் சொல்லேல்லை. சும்மா கிடக்கிற சீற் சீமெந்தோட இறுகிக் கிடக்கும், அதால பெரிய கரைச்சல் இல்லை. வெட்ட, துளைக்க, கம்பி பிரஷ்ஷால பாசி உரசத்தான் நார் பறக்கும். கண்ணுக்குத் தெரியாத நார். நுரையீரலுக்குள்ள போனால் வெளியில வராது, வருத்தம் காட்ட இருவது முப்பது வருசம் எடுக்கும். அதனாலதான் ஆரும் பயப்பிடுறதில்லை.

2018 இல தொடங்கிப் படிப்படியாக் குறைச்சு 2024 இல இறக்குமதியை முழுசா நிப்பாட்டுறது எண்டு அரசாங்கம் ஒரு முடிவு எடுத்தது. 2017 டிசம்பரில எங்கட தேயிலைப் பொதியில வண்டு கிடக்கு எண்டு ரஷ்யா இறக்குமதியை மறிச்சது. அஸ்பெஸ்ரஸ் விக்கிறதும் அவைதான். பிறகென்ன, தடை பின்னுக்குப் போச்சு, தேயிலை திரும்பப் போச்சு. ஒரு வண்டு காப்பாத்தின கூரைக்குக் கீழதான் நாங்கள் எல்லாரும் படுக்கிறம்.

ஓடாவிமகன்:

தங்கச்சி, அரசியலை விடுங்கோ. அண்ணையிட்டக் கிரைண்டர் இருக்கு. ரெண்டு நிமிசத்தில அளவுக்கு வெட்டலாம். லேஞ்சியை மூக்கில கட்டினால் சரி. நாங்கள் பட்டறையில வெட்டாத சீற்றோ?

லிங்கநகர் தங்கச்சி:

லேஞ்சிக்குள்ளால அந்த நார் ஊர்வலமாப் போகும் அண்ணா. கிரைண்டர் போட்டால் தூசி உங்களோட நிக்காது, பக்கத்து வீட்டுக் கொடியில காயிற உடுப்பு வரைக்கும் போகும். சீற்றை நல்லா நனைச்சு, உடைக்காமல் முழுசாக் கழற்ற வேணும். வெட்டித்தான் ஆக வேணுமெண்டால் நனைச்சு நனைச்சுக் கைவாளால. மாஸ்க் எண்டால் முகத்தில இறுகி நிக்கிற பி100 இல்லாட்டி எஃப்.எஃப்.பி3 வகை வேணும், என்95 இதுக்குக் காணாது. கீழ விழுந்ததை விளக்குமாத்தால கூட்டாதேங்கோ, ஈரத் துணியால துடைச்சு எடுங்கோ. போட்ட உடுப்பைப் பிள்ளையளின்ர உடுப்போட தோய்க்காதேங்கோ. கழற்றின சீற்றை உடைச்சு ஒழுங்கைக் கிடங்கு நிரப்புறது எங்கட ஊரில பெரிய பழக்கம். வாகனம் ஏறி ஏறி அரைச்சு எல்லாருக்கும் பங்கு குடுக்கும். பொலித்தீனில சுத்திக் கட்டுங்கோ, எங்க குடுக்கிறது எண்டு உங்கட பிரதேச சபையிட்டக் கேளுங்கோ.

உப்புவெளியான் அண்ணா, மாத்துறதுக்குப் புதுசா அஸ்பெஸ்ரஸ் வாங்காதேங்கோ.

கிண்ணியா மேசன்:

புள்ள சொல்றது சரி. நாங்க இருவது வருசமா லேஞ்சிதான் கட்டினம். இப்ப கூட வேலை செஞ்சவங்கட இருமலக் கேக்கக்குள்ள யோசனையா இரிக்கி.

ஓடாவிமகன், கிரைண்டருக்கு ஒண்டு சொல்றன், நீங்க தச்சுக்காரன், உங்களுக்கு விளங்கும். காவல் தகட்டக் கழட்டிப் போட்டு, அதுல மரம் வெட்டுற பல்லுத் தட்டப் பூட்டுறாங்களே, அத மட்டும் இந்தத் தம்பிக்குச் சொல்லிக் குடுத்திராதீங்க. தட்டுல அச்சடிச்ச வேகம் மெஷின்ட வேகத்த விடக் கூட இரிக்கணும். தட்டு நடு வளையத்துல திகதி குத்தியிரிக்கும், அது முடிஞ்சா பாவிக்காதீங்க. உப்புக் காத்துல கிடந்து ஈரம் குடிச்ச தட்டு வெடிச்சுப் பறந்தா முகத்துக்குத்தான் வரும். இடுப்புல சாரன் உடுத்துக்கிட்டு கிரைண்டர் பிடிக்கவே கூடாது.

ஓடாவிமகன்:

பல்லுத் தட்டு விசயத்தில நானும் உங்கட பக்கம்தான் நானா. எங்கட பட்டறையில அதுக்கு இடமில்லை. மரத்தில கவ்வினால் கையில நிக்காது, துள்ளி வந்து ஏறும். ஆனால் எல்லாத்துக்கும் பயப்பிட்டுக்கொண்டிருந்தால் வீடு இடிஞ்சு விழும் எண்டு சொல்லுறன், அவ்வளவுதான். கிணத்திலயும் ஏதும் பேய் இருக்கோ?

தம்பலகாமத்தான்:

இருக்கு தம்பி. பேய்க்கு மணம் இல்லை, நிறம் இல்லை.

எங்கட பக்கம் வயலுக்கு மண்ணெண்ணெய் வோட்டர் பம்தான். மேல வைச்ச பம் கிட்டத்தட்ட இருவத்தைஞ்சு அடிக்குக் கீழ இருந்து தண்ணியை உறிஞ்சாது. எவ்வளவு பெரிய எஞ்சின் எண்டாலும் அதுதான் நிலைமை, ஏனெண்டால் தண்ணியை மேல தள்ளுறது காத்தின்ர அமுக்கம். ஆவணியில நீர் இறங்கினவுடன ஆக்கள் என்ன செய்யினம்? பம்மைக் கயித்தில கட்டிக் கிணத்துக்குள்ள இறக்கி, பலகை போட்டு, உள்ளுக்கே ஸ்ராட் பண்ணுவினம். புகை மேல வராது. அதில இருக்கிற காபனோரொட்சைட்டு ரத்தத்தில ஒட்சிசனுக்குரிய இடத்தைப் பிடிச்சுக்கொள்ளும். பம் நிண்டு போச்சு, என்ன எண்டு பாப்பம் எண்டு இறங்கிறவர் தலை சுத்தி விழுவார். அவரைத் தூக்க ரெண்டாவது ஆள் இறங்குவார். பிறகு மூண்டாவது ஆள். ஒரு வீட்டில அப்பனும் மகனும் ஒண்டாப் போற சாவு இதுதான். பேப்பரில வருசா வருசம் வருது, நாங்கள் வாசிச்சுப்போட்டு மடிச்சு வைக்கிறம்.

முந்தின ஆக்கள் விளக்குக் கொளுத்தி இறக்கிப் பாப்பினம். விளக்கு அணைஞ்சால் ஒட்சிசன் இல்லை, இறங்காதே. அந்தளவுக்கு அது சரி. ஆனால் எஞ்சின் புகைக்கு அது காணாது. ஆளைக் கொல்லுற அளவுக்குக் காபனோரொட்சைட்டு நிண்டாலும் விளக்கு வடிவா எரியும்.

உப்புவெளியில உங்கட கிணறு பதினைஞ்சடிக்குள்ளதானே இருக்கும்? அப்ப எஞ்சினைக் கீழ இறக்க ஒரு தேவையும் இல்லை. மேல, கிணத்துக் கட்டில இருந்து தள்ளி, புகை காத்தோட போற பக்கமா வையுங்கோ. கரண்ட் பம் எண்டால் ஆள் இறங்க முதல் பிளக்கைக் கழற்றி உங்கட கையில வைச்சிருங்கோ. சுவிட்சை நிப்பாட்டினது எண்டு நம்பாதேங்கோ, வீட்டுக்குள்ள இருந்து ஆரும் போடலாம்.

இறங்கிறவருக்கு நெஞ்சில கயிறு, மேல ரெண்டு பேர். ஒருத்தரால ஆளை இழுக்கேலாது. கூப்பிட்டால் பதில் வரேல்லை எண்டால் இழுக்கிறதுதான், பாக்க இறங்கிறது இல்லை. இதை இறங்க முதலே எல்லாரும் சத்தமாச் சொல்லி ஒத்துக்கொள்ள வேணும். அந்த நேரத்தில அண்ணன் தம்பிப் பாசம் கயித்தை விட்டுட்டுக் கிணத்துக்குள்ள பாயச் சொல்லும்.

இன்னொண்டு, மணல் பக்கக் கொட்டுக் கிணத்தை (சீமெந்து வளையம் அடுக்கிக் கட்டினது) ஒரேயடியா வத்த இறைக்கக் கூடாது. வெளியில நீர் நிறைஞ்சு உள்ளுக்கு வெறுமையா இருந்தால் கொட்டுக்கு வெளிப்பக்க மணல் பொருத்துக்குள்ளால ஓடி வரும், கொட்டு சரியும். மழை தொடங்கினாப் பிறகு இறைக்கிறதை மறந்திடுங்கோ.

ஓய்வுபெற்ற தாதி:

வாசித்துக்கொண்டு வந்தேன். விடுதியில் பார்த்தவற்றில் இங்கே விடுபட்டதை மட்டும் எழுதுகிறேன், பிள்ளைகள்.

ஈரச் சீமெந்து சுடும் என்று பலருக்குத் தெரியாது. அது கடுமையான காரம். மதில் பூசும்போது முழங்காலில் நின்று, சாந்து காற்சட்டையில் ஊறி, வேலை முடியும் வரை அப்படியே இருப்பார்கள். அந்த நேரம் நோகாது. இரவுதான் எரியத் தொடங்கும், காலையில் தோல் உரிந்திருக்கும். பட்டவுடன் உடுப்பைக் கழற்றி, ஓடும் தண்ணீரில் இருபது நிமிடமாவது கழுவுங்கள். கண்ணுக்குள் போனால் கழுவிக்கொண்டே ஆஸ்பத்திரிக்கு வாருங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம், பற்பசை வேண்டவே வேண்டாம்.

வெல்டிங் வெளிச்சத்தை "சும்மா ஒருக்காப் பார்த்தேன்" என்பவர்கள் நடுச்சாமத்தில் கண்ணுக்குள் மணல் கொட்டியது போல் இருக்கிறது என்று வருவார்கள். வேலை செய்தவரை விட, பக்கத்தில் நின்று தகரம் பிடித்துக் கொடுத்தவர்தான் அதிகம்.

கிணற்றுக்குப் போட வாங்கிய குளோரின் தூளில் மிச்சத்தைக் குளியலறைக்குப் போட்டு, அதற்கு மேல் ரைல் கழுவும் அசிட்டையும் ஊற்றுவார்கள். வருவது நச்சு வாயு. கதவும் சாத்தியிருக்கும். இரண்டையும் ஒரே நாளில் கையில் எடுக்காதீர்கள்.

துருப்பிடித்த கூரை ஆணி குத்தினால், இரத்தம் வராவிட்டாலும், ஏற்பு (ரெட்டனஸ்) ஊசி கடைசியாக எப்போது போட்டது என்று தெரியாவிட்டால் அன்றே வந்து போடுங்கள். கரண்ட் பிடித்த ஆளைத் தொடாதீர்கள், மெயினை நிப்பாட்டுங்கள். பேச்சு மூச்சு இல்லை என்றால் நெஞ்சை அழுத்தத் தொடங்கி, இன்னொருவரை 1990 அம்புலன்சுக்கு அழைக்கச் சொல்லுங்கள். கூரையில் இருந்து விழுந்தவரை முச்சக்கர வண்டிக்குள் மடித்து ஏற்றிக்கொண்டு வருவதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். நல்ல மனத்தோடுதான் செய்கிறார்கள். முதுகெலும்பு உடைந்திருந்தால் அந்த மடிப்பில்தான் கால் போகிறது. அசைக்காமல் வைத்து அம்புலன்சுக்குச் சொல்லுங்கள்.

மூதூர் கிழக்கு:

இங்க ஒருத்தருக்கும் இது தேவைப்படாது எண்டு நினைக்கிறன், ஆனாலும் சண்டைக்குப் பிறகு சம்பூர்ப் பக்கம் மீளக் குடியேறின ஆக்களும் வாசிப்பினம். மலகூடக் குழி, வேலிக் கம்பிக்கால் எண்டு கிண்டேக்க அலவாங்கு இரும்பில பட்டு வித்தியாசமாச் சத்தம் கேட்டால் நிப்பாட்டுங்கோ. கிளறிப் பாக்கவும் வேண்டாம், ஓரமாத் தூக்கி வைக்கவும் வேண்டாம். வந்த வழியாலயே திரும்பி, அடையாளம் வைச்சு, பொலிசுக்கோ கிராம சேவகருக்கோ சொல்லுங்கோ. கண்ணிவெடி அகற்றின காணிதான் எண்டாலும் ஆழத்தில என்ன கிடக்கு எண்டு ஆருக்கும் தெரியாது. பழைய இரும்புக்கு விக்கலாம் எண்ட யோசனை மட்டும் வரவே கூடாது.

உப்புவெளியான்:

இவ்வளவு வரும் எண்டு நினைக்கேல்லை. வீட்டில மனிசிக்கும் வாசிச்சுக் காட்டினன், அந்தச் சிரிப்பை இங்க எழுதேலாது.

இப்பிடிப் பிரிச்சிருக்கிறன். பெயின்ற், பூச்சு, பீலி நான். சீற்றை உள்ளுக்குச் சாரம் கட்டிக் கழற்றுறன், தம்பியும் மச்சானும் வருவினம், போடுறது அமானோ. கிணறு ஆக்களை வைச்சு, கயிறும் நானும் மேல. கரண்ட் பொயின்ற் நான் தொடேல்லை. ஓடாவிமகன், சாரத்துக்குப் பலகை உங்கட பட்டறையில வாடகைக்கு எடுக்கலாமோ?

ஓடாவிமகன்:

வாடகை என்ன வாடகை, சனிக்கிழமை வந்து ஏத்துங்கோ. ஒண்டரை இஞ்சிப் பலகை நாலு கிடக்கு, கறையான் இல்லாதது. கிரைண்டரையும் கொண்டு வாங்கோ, காவல் தகடு இருக்கோ எண்டு பாப்பம்.

வயரிங்மாமா:

தம்பி, எல்லாம் எழுதினீங்கள், ரி பட்டனை அமத்தினதோ இல்லையோ எண்டு எழுதேல்லை.

உப்புவெளியான்:

இப்பதான் போய் அமத்தினன் மாமா. ஒண்டும் நடக்கேல்லை. திரும்பத் திரும்ப அமத்தியும் விழேல்லை. லைற் எல்லாம் எரியுது.

லிங்கநகர் தங்கச்சி:

நானும் அமத்திப் பாத்தன். எங்கட வீட்டில விழுந்தது, அம்மா பாத்துக்கொண்டிருந்த நாடகமும் நிண்டு போச்சு.

வயரிங்மாமா:

அப்ப கூரையும் கிணறும் பிறகு. ட்ரிப் சுவிட்ச் செத்துப் போச்சு, கடல் பக்கம் உள்ளுக்குத் துருப்பிடிச்சு இறுகிறது வழமை. விழாத ட்ரிப் சுவிட்ச் இருக்கிற வீட்டில ஈரக் கையோட டிரில் பிடிக்க வேண்டாம், கிரைண்டர் பிடிக்க வேண்டாம், கிணத்துக்கு மோட்டர் போட வேண்டாம். நாளைக்கே ஆளைக் கூப்பிட்டு மாத்துங்கோ. கடையில கேக்கேக்க 30 மில்லி அம்பியர் எண்டு பெட்டியில எழுதியிருக்கோ எண்டு பாருங்கோ, 100 மில்லியைத் தந்து விடுவினம், அது ஆளைக் காப்பாத்துறதுக்கு இல்லை. அம்பியரை மெயினுக்கு ஏத்த மாதிரி வாறவர் சொல்லுவார். பூட்டின கையோட அவருக்கு முன்னாலயே ரி பட்டனை அமத்துங்கோ, எர்த்தையும் மீற்றர் வைச்சு அளக்கச் சொல்லுங்கோ. அதுக்குப் பிறகு காசைக் குடுங்கோ.